அலகை அளந்தவன் யார்?
(ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிலே வாளலகு ஹம்மிங் பறவை என்று ஒன்று இருக்கிறது. வாலை நீக்கி அளந்தால் அதன் உடம்பைவிட அலகே நீளம். மடகாஸ்கர் தீவின் காட்டிலே, மரத்தின் மேல் வளரும் வெள்ளை ஆர்க்கிட் பூ ஒன்று இருக்கிறது. அதன் தேனோ சுமார் 30 சென்டிமீட்டர் குழலின் அடியிலே கிடக்கிறது. இவையிரண்டும் ஒன்றையொன்று கண்டதேயில்லை. ஆனாலும் இரண்டின் நீளத்துக்கும் காரணம் ஒன்றேதான்.

ஆஸ்திகர்கள் உடனே, எல்லாம் ஆண்டவன் அளந்து வைத்தது என்பார்கள். 1867-ல் ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பிரபுவும் இந்த ஆர்க்கிட்டைக் காட்டி அப்படித்தான் எழுதினார். ஆனால் டார்வின் 1862-லேயே அந்தக் குழலைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற நீள நாக்குள்ள அந்துப்பூச்சி அத்தீவில் இருக்க வேண்டும் என்றார். சிலர் பரிகசித்தார்கள். 1903-ல் அந்தப் பூச்சிக்குப் பெயர் வைத்தாய்விட்டது! இது ஜோசியமா? இல்லை, காரண காரியம் அறிந்தவரின் கணக்கு.

நாக்கு நீண்ட பூச்சிக்குத் தேன் அதிகம் கிடைக்கும். குழல் நீண்ட பூவில் பூச்சி தலையை நன்றாக நுழைத்தால்தான் மகரந்தம் ஒட்டும். இப்படித் தலைமுறை தலைமுறையாக இரண்டும் நீண்டன. ஆண்டிஸ் மலையிலே அந்தப் பறவையின் அலகும், அது தேடும் கொடிப்பூவின் குழலும் இவ்வாறே நீண்டன.

சர்வ வல்லமையுள்ளவன் செய்தது என்றால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பறவை தன் இறகைத் தன் அலகால் கோதிக்கொள்ள முடியாமல் காலால் சொறிந்துகொள்கிறதே, அதுவும் அவன் கருணைதானா?

சரி, பறவைக்கு இயற்கை அலகு தந்ததுபோலப் பிராமணனுக்கு வேதமும் சக்கிலியனுக்குத் தோலும் பிறவியிலேயே வந்தன என்று வேறு சிலர் கிளம்புவார்கள். தோழர்களே, ஏமாறாதீர்கள்! பறவையும் பூச்சியும் வெவ்வேறு இனம். மனிதர் அனைவரும் ஒரே இனம். பறவையின் அலகு நீளப் பல்லாயிரம் தலைமுறை வேண்டியிருந்தது. சேரிப் பிள்ளை எழுத்தறிய ஒரு பள்ளிக்கூடம் போதும். அந்தக் கதவைச் சாத்தி வைத்தது இயற்கையல்ல, மனிதர்கள்தான். மனிதர் சாத்திய கதவை மனிதர் திறக்கலாம் என்று கூறி முடித்துக்கொள்கிறேன்.