பொற்கூரையும் வெற்றுக் கல்லறையும்

இன்று நாம் போகும் ஊர் இன்ஸ்புருக். ஆஸ்திரியாவில் டிரோல் மாநிலத்தின் தலைநகரம். ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே, இன் என்ற ஆற்றின் கரையில் இருக்கிறது. 'புருக்' என்றால் பாலம். இன் ஆற்றுப் பாலம் என்பதே ஊரின் பெயர். ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் இடையே சரக்கு ஏற்றிப் போன வணிகர்கள் இங்கே ஆற்றைக் கடந்து, தெற்கே பிரென்னர் கணவாய் ஏறினார்கள். வழிப்போக்கர்கள் வளர்த்த ஊர் இது.

ரயிலை விட்டு இறங்கி, முதலில் மரியா தெரேசியா வீதியின் தென்முனைக்கு வாருங்கள். அங்கே ஒரு வெற்றி வளைவு நிற்கிறது. 1765இல் பேரரசி மரியா தெரேசியாவின் மகன் லியோபோல்டுக்கு இந்த ஊரில் திருமணம். கொண்டாட்டம் முடிவதற்குள் பேரரசியின் கணவர் முதலாம் ஃபிரான்ஸ் இறந்துபோனார். கல்யாண வீடு இழவு வீடானது. அதனால் வளைவின் தெற்குப் பக்கத்தில் மணக்கோலச் சிற்பங்கள், வடக்குப் பக்கத்தில் துக்கச் சிற்பங்கள். உள்ளே நுழைந்து கடந்ததும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பத்தடி தூரத்தில் ஊரின் முகம் மாறியிருக்கும்.

வீதி வடக்கே போகிறது. அதன் முடிவில் வானம் தெரியவில்லை, நோர்ட்கெட்டே மலைதான் தெரிகிறது. பனி படிந்த சாம்பல் நிறப் பாறை, கூரைகளுக்கு மேல் மதில்போல எழுந்து நிற்கிறது. கடைக்குப் போகிறவர்களும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. வெளியூர்க்காரர்களைக் கழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்!

பழைய நகருக்குள் நுழைந்தால், குறுகலான தெரு சதுக்கத்தில் முடியும் இடத்தில் பொற்கூரை. 'கோல்டனஸ் டாக்ல்' என்பார்கள். பெயரைக் கேட்டு அரண்மனை முழுக்கப் பொன் வேய்ந்திருப்பதாக நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அது ஒரு மாடத்துக்கு மேல் உள்ள சிறிய கூரை. மொத்தம் 2,657 செப்பு ஓடுகள், ஒவ்வொன்றும் தங்க முலாம் பூசியது. கீழே நின்று பார்த்தால் மீன் செதில்போல அடுக்கடுக்காகத் தெரிகிறது. மேகம் விலகி வெயில் பட்டதும் எதிர்வீட்டுச் சுவர்கூட மஞ்சளாகிறது.

இதைக் கட்டியவர் மன்னர் முதலாம் மாக்சிமிலியன். 1500ஆம் ஆண்டு வேலை முடிந்தது. சதுக்கத்தில் நடக்கும் போட்டிகளையும் வேடிக்கைகளையும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க இந்த மாடம். மாடத்துச் சிற்பத்தில் மன்னர் இரண்டு மனைவியரோடு இருக்கிறார். மூத்தவர் பர்கண்டி மேரி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். இளையவர் மிலான் நகரத்து பியங்கா மரியா. அருகே கைகாலை வளைத்து ஆடும் நடனக்காரர்கள். 'எனக்கென்ன குறை' என்று மன்னர் ஊருக்குச் சொல்வதற்காகவே கட்டியதுபோல இருக்கிறது.

குறை இருந்தது. ஓயாத போர், ஓயாத கடன். அருகிலுள்ள ஷ்வாட்ஸ் சுரங்கங்களின் வெள்ளியை, வெட்டி எடுக்கும் முன்பே ஆக்ஸ்பர்க் வட்டிக்காரர்களுக்கு ஈடு வைத்தார். 1518இல் நோயாளியாக இந்த ஊருக்கு வந்தபோது, பழைய பாக்கியைக் கட்டினால்தான் பரிவாரத்துக்கு இடம் என்று சத்திரக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். பொற்கூரை போட்டவருக்கு அந்த ஊரிலேயே இடமில்லை! மனம் நொந்து கிளம்பியவர், 1519 ஜனவரியில் வெல்ஸ் என்ற ஊரில் கண்மூடினார்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தால் ஹோஃப்கிர்ஹே தேவாலயம். அவருக்காகப் பேரன் முதலாம் ஃபெர்டினாண்ட் எழுப்பியது. நடுவே பளிங்கில் பெரிய கல்லறை. மேலே வெண்கலத்தில் மாக்சிமிலியன் மண்டியிட்டுக் கைகூப்புகிறார். இருபுறமும் ஆளைவிட உயரமான 28 வெண்கலச் சிலைகள். ஊர்மக்கள் இவர்களைக் 'கறுப்பு மனிதர்கள்' என்கிறார்கள். பெண்களும் இவர்களுள் உண்டு. மன்னரின் முன்னோரும் உறவினரும், அவர் முன்னோராகச் சொந்தம் கொண்டாடிய ஆர்தர் அரசரும் நிற்கிறார்கள்.

ஒரு சிலையின் வலக்கையை உற்றுப் பாருங்கள். விரல்கள் எதையோ பற்றியதுபோல மடங்கியிருக்கும், உள்ளே எதுவும் இருக்காது. இறுதி ஊர்வலத்தில் மெழுகுவத்தி பிடிக்க வேண்டிய கை அது. கல்லறைக்குள்ளும் யாரும் இல்லை. மன்னரின் உடல் கிழக்கே வீனர் நொய்ஷ்டட் நகரில் புதைக்கப்பட்டிருக்கிறது. வராத ஒருவருக்காக இத்தனை பேர் நூற்றாண்டுகளாகக் காத்து நிற்கிறார்கள்.

மனம் கனத்துவிட்டதா? மலைக்குப் போகலாம். ஊர் நடுவிலிருந்தே இழுவை ரயில் புறப்படுகிறது. 2007இல் திறந்த இதன் நிலையங்களை வடிவமைத்தவர் ஸஹா ஹதீத். உருகி வழியும் பனிக்கட்டிபோல இருக்கும் கூரைகள். பிறகு இரண்டு கம்பிவட ஊர்திகள் மாறினால், கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் ஹாஃபெலேகார். ஊரில் அரைக்கைச் சட்டை போதும், மேலே கம்பளிச் சட்டை இல்லாமல் நிற்க முடியாது. 1964லும் 1976லும் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர் இது. 1964இல் பனி போதாமல் ராணுவத்தினர் மலையிலிருந்து அள்ளி வந்து கொட்டினார்களாம்.

பழைய நகரைச் சுற்ற அரைநாள் போதும். ஆனால் வரிசை மாற வேண்டாம். முதலில் கூரையைப் பாருங்கள், பிறகு கல்லறை, கடைசியில் மலை. மேலே நின்று கீழே பார்த்தால் பொற்கூரை இருக்கும் இடமே தெரியாது. பாலமும் ஆறும் மட்டும் தெளிவாகத் தெரியும்.