சென்னையும் பலாலியும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாலைத்திணை குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். பாலையின் உரிப்பொருள் பிரிவு. பிரிவின் அளவு தொலைவின் அளவே என்று மாணவர்க்குப் பல்லாண்டுகள் கூறி வந்தேன். அக்கருத்தைத் திருத்தியவை இரண்டு வானூர்தி நிலையங்கள்: ஒன்று நம் சென்னை மீனம்பாக்கம், மற்றொன்று யாழ்ப்பாணத்துப் பலாலி.

நேர்கோட்டில் இவற்றின் இடைத்தொலைவு ஏறத்தாழ 355 கி.மீ. சாலைவழியே சென்னையிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் தொலைவினும் பெரிதும் மிகுதியன்று. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் வானூர்தி இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையை அடுத்த பலாலியில் இறங்கிச் சென்னை வந்து சேர்ந்தது. பின்னர் அவ்வழி அற்றது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தார் சென்னைக்கு வர விரும்பின், தெற்கே ஏறத்தாழ 400 கி.மீ. சென்று கொழும்பை அடைந்து, அங்கிருந்து வடக்கே 640 கி.மீ. பறத்தல் வேண்டும். 2006 ஆகஸ்டில் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டதும் அத்தரைவழியும் அடைபட்டது.

அக்காலத்தில்தான் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகளே என் ஆய்வுப்பொருள். அவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தவர். பாலைக்கலியை நமக்கு நூலாக்கித் தந்தவரே கடல் கடந்து வந்தவர்! ஐயங்களை அவ்வூர்ப்பக்கத்து மூத்த தமிழாசிரியை ஒருவர்க்கு எழுதுவேன். தெளிவான விடை வரும். கடித முடிவில், "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ, பிள்ளை" என்று தவறாமல் எழுதுவார். வழியில்லையே அம்மா என்று நானும் தவறாமல் எழுதுவேன்.

2009இல் போர் முடிந்தது. சாலை திறந்தது. கொழும்பு சென்று பேருந்தேறினால் ஓர் இரவில் யாழ்ப்பாணம். ஆயினும் பணி, குடும்பம், விடைத்தாள் என்று நாள் கடத்தினேன். நேர்வழி வரட்டும் என்று எழுதினேன். 2019 நவம்பர் 11 அன்று நேர்வழி வந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நின்றது. 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது.

2023இல் சென்றேன். சிறிய விமானம், ஒன்றேகால் மணி நேரப் பயணம். கையிலிருந்த நூலில் ஓர் இயலைக்கூட முடிக்கவில்லை, பலாலியில் இறங்கிவிட்டோம். அம்மையார் அதற்கு ஈராண்டு முன்பே மறைந்திருந்தார். அவர் மகள் பனங்கட்டியும் தேநீரும் தந்து, ஒரு துணிப்பையை என் கையில் வைத்தார். உள்ளே என் கடிதங்கள், ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டு. "வழியில்லையே அம்மா" என்ற தொடர் 2009க்குப் பிந்திய கடிதங்களிலும் இருந்தது. அங்கே அமர்ந்து அதனைப் படிக்க எனக்கு நாணமாயிற்று.

அன்பர்களே, போர் அடைத்த வழிக்கு நான் பொறுப்பல்லேன். திறந்த வழியில் நடவாமைக்கு என்னையன்றி யார் பொறுப்பு? பத்தாண்டுகளாக நம் வட்டம் ஈழத்துக் கவிதைகளைப் படித்து வியந்திருக்கிறது. அவற்றை எழுதியவர் முற்றத்தில் ஒருநாளேனும் அமர்ந்ததுண்டா? பதினோராம் ஆண்டின் ஓர் அமர்வையேனும் யாழ்ப்பாணத்தில் நடத்துவோம். ஆண்டில் மூத்தோர் அங்கே இன்னும் பலர் உளர். அவர்கள் இருக்கும்போதே செல்வோம்.