வேலையா, வீடா?



படித்த மகள் வேலைக்குப் போவதா, குடும்பத்தைக் கவனிப்பதா என்று பெற்றோர் பலர் நம்மிடம் கேட்கின்றனர். நமது சங்கரன்கோவில் வட்டாரத்தில் பெண்கள் எக்காலத்தில் உழைக்காதிருந்தனர்? திண்ணையில் பீடி சுற்றுபவர்களும், தறிக்கூடத்தில் பாடுபடுபவர்களும், விடியுமுன் பூப்பறிப்பவர்களும் அவர்களன்றோ! அவர்களிடம் எவரும் இக்கேள்வியைக் கேட்டதில்லை. பட்டமும் பதவியும் வரும்போதுதான் கேட்கிறோம்.

தம்மைச் சமமாக மதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் டாக்டர் முத்துலட்சுமி 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். இரு மக்களுக்குத் தாயான அவரே 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். பெண்கள் பொதுப்பணிக்கு வரும் உரிமையையும், இல்லத்தில் தாய் ஆற்றும் பணியின் மாண்பையும் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981-ல் வெளியிட்ட குடும்பம் பற்றிய மடலில் ஒருங்கே வலியுறுத்தினார்.

எனவே, இனி ஓலை எழுத வரும் மணமகனிடமும் நாம் கேட்போம்: "அவள் வேலைக்குச் சென்றால் அடுப்படியில் கைகொடுப்பாயா? வீட்டிலிருக்க விரும்பினால் அவள் உழைப்பை மதிப்பாயா?" எதுவாயினும் முடிவு அவளுடையதாகட்டும், சுமை இருவருடையதாகட்டும்.

நாசரேத்தூர்த் திருக்குடும்பம் நம் இல்லங்களுக்கு வழிகாட்டுவதாக!