பள்ளிப் பிள்ளைகளும் விதைச் சோதனையும்
(உழவர் கூட்டமொன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



எங்கள் கல்லூரியின் இளநிலை வேளாண்மை மாணவர்கள் இறுதியாண்டில் ஊரகப் பணி அனுபவத்திற்காக உங்கள் ஊர்களில் தங்குவதை அறிவீர்கள். காலம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள்; தொடர்பும் அத்துடன் அறுந்துவிடும். இப்போது சிலர், ஊர்ப் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பயிலும் பிள்ளைகளுடன் கைப்பேசி வழியாக அறிவியல் சோதனைகளைத் தொடர்ந்து செய்து வருகின்றனர். அதைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன்.

இந்த எண்ணம் புதிதன்று. அமெரிக்கத் தாவரவியல் சங்கம் 2005-ஆம் ஆண்டிலேயே இத்தகைய திட்டமொன்றைத் தொடங்கியது. அதில் பள்ளிப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தாங்களே சோதனையை வகுப்பார்கள். ஆராய்ச்சியாளர்களும் பட்டமேற்படிப்பு மாணவர்களும் இணையம் வழியே கேள்வி கேட்பார்கள், யோசனை சொல்வார்கள். விடையை மட்டும் சொல்லமாட்டார்கள். எனக்குப் பிடித்ததும் அதுதான். விடை சொல்லப் புத்தகம் போதுமே!

நம் வீட்டில் செய்யத்தக்க சோதனை விதை முளைப்பு. செலவு ஏதுமில்லை. மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடங்களிலிருந்தும் விதை எடுத்துக் கலந்து, பொறுக்காமல் 100 விதைகளை எண்ணி, ஈரத் துணியில் இடைவெளி விட்டுப் பரப்பிச் சுருட்டி நிழலில் வைக்கவேண்டும். துணி காயக்கூடாது, நீர் சொட்டவும் கூடாது. உளுந்தாயின் ஏழாம் நாள் பிரித்து, வேரும் குருத்தும் நன்றாக உள்ள நாற்றுகளை மட்டும் எண்ணவேண்டும். சான்று பெற்ற உளுந்து விதைக்குக் குறைந்தது 75 சதவீத முளைப்பு வேண்டும்.

ஒரு சிறுமி, 98 முளைத்ததாக எழுதி அனுப்பினாள். எங்கள் மாணவி படம் கேட்டாள். படத்தில் 61 நாற்றுகளே இருந்தன. அப்பா பாடுபட்டுச் சேர்த்து வைத்த விதையைக் குறைத்துச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. எங்கள் மாணவி கடிந்துகொள்ளவில்லை. "முளைக்காத 39-ஐயும் தனியே எடுத்து வைத்துப் பாரம்மா, என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டாள். பெரும்பாலானவற்றில் பயறு வண்டு துளைத்த ஓட்டை!

அடுத்த சோதனையைச் சிறுமியே வகுத்தாள். ஓட்டை விழுந்தவை 50, முழு விதை 50. ஒரே துணி, ஒரே நீர். ஓட்டை விழுந்தவற்றில் 17-ம், முழு விதையில் 44-ம் முளைத்தன. மற்றவை எல்லாம் ஒன்றாயிருக்க, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் சோதனை என்பதை நான் கல்லூரி வகுப்பறையில் எத்தனையோ முறை சொல்லியும் சிலருக்குப் பதிவதில்லை. இவளுக்கு உளுந்து சொல்லிக் கொடுத்துவிட்டது.

அந்த வீட்டில் விதைப்புக்கு மூன்று வாரமே இருந்தது. 61 சதவீத விதையை அப்படியே விதைத்திருந்தால், ஏக்கருக்கு 8 கிலோ போதுமான இடத்தில் ஏறத்தாழ 10 கிலோ தேவைப்பட்டிருக்கும். 8 கிலோவோடு நிறுத்தியிருந்தால் வயலில் சொட்டை விழுந்திருக்கும். தந்தை விதையை முறத்தில் புடைத்து, ஓட்டை விழுந்தவற்றையும் வண்டு முட்டை ஒட்டியவற்றையும் பொறுக்கி நீக்கினார். மகள் மறுபடியும் 100 எண்ணினாள். இம்முறை 83. சொந்த விதையையே விதைத்தார்கள்.

கைப்பேசியால் எல்லாம் ஆகிவிடாது. விதையைக் கடித்துப் பார்த்து ஈரம் அறியும் உங்கள் பக்குவத்தைக் கோவையிலோ மதுரையிலோ அமர்ந்திருக்கும் மாணவன் படத்தில் காணமுடியாது. அதைப் பிள்ளைக்கு நீங்கள்தான் காட்டவேண்டும். மாணவர்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு: 'முளைப்புத்திறன்' என்று எழுதிப் பழகியவர்கள் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லத் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது சிலவே. மாலையில் அரைமணி நேரம் கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுங்கள். நீங்களும் பக்கத்தில் இருங்கள். உரையாடல் ஆசிரியரும் உள்ள குழுவில் மட்டுமே நடக்கட்டும். மருந்து கலந்த விதையைச் சோதனைக்குத் தரவே வேண்டாம். விதைப்பு நாளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே தொடங்கினால், முளைப்பு குறைந்தாலும் விதையைப் புடைத்து மறுசோதனை செய்யவோ வேறு விதை வாங்கவோ நாள் இருக்கும்.