தையல் கூடத்தில் பாட்டு

நம்ம தையல் கூடத்தில் பாட்டுப் போடலாமா, கூடாதா என்று நடக்கிற சண்டை உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பாட்டு வேலையைக் கெடுக்கும்னு சொல்றவங்க நம்ம பாட்டிமாரை நினைக்கணும். நடவுக்குப் பாட்டு, ஏற்றம் இறைக்கப் பாட்டு. எத்தனை சால் இறைத்தோம் என்ற எண்ணிக்கையும் ஏற்றப் பாட்டுக்குள்ளேயே வரும். இங்கிலாந்தில் உலகப் போர் நேரத்தில், 1940-இல், ஆலைத் தொழிலாளர்களுக்கென்றே பி.பி.சி. வானொலி தினமும் இரண்டு வேளை, அரை அரை மணி நேரம் இசை ஒலிபரப்பியது. ஆனால் நடுவில் கைதட்டல் வரும் ஒரு பாட்டை ஒதுக்கிவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டு ஸ்பேனரால் தட்ட ஆரம்பிச்சிடுவாங்களாம்!

நமக்கும் அப்படித்தான். சீருடைக்கு ஓரம் மடிப்பது, பட்டன் வைப்பது எல்லாம் கை பழகின வேலை. மத்தியானத்துக்கு மேல் கண் சொருகும்போது பாட்டுதான் நம்மை எழுப்பி வைக்கிறது.

கட்டிங் மேஜை வேறு. "பதினாலரை, தையலுக்கு முக்கால்" என்று மனசுக்குள்ளே சொல்லிக்கிட்டேதான் மார்க் போடுறோம். அந்த நேரம் காதில் பாட்டு வரி விழுந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். நாதஸ்வரம் அவ்வளவு செய்யாது. வார்த்தைதான் எண்ணைத் தள்ளிவிடும். அடுக்கி வைத்து வெட்டுகிறோம், தப்பினால் அடுக்கே போச்சு.

கணக்கு எழுதுவது அதைவிடப் பெரிசு. ஒருத்தி கட்டிய தவணை இன்னொருத்தி பேரில் ஏறினால் பேச்சு பணத்தோடு நிற்காது. "அவ எடுத்துட்டா" என்பார்கள். அப்புறம் அந்தக் குழுவில் யார் சந்தா கட்டுவாங்க? ஆனால் கணக்கு எழுதுற பொண்ணு பாட்டை நிறுத்தச் சொன்னா, "பெரிய ஆபீசரம்மா" என்று கேலி செய்கிறோம். அது நியாயமே இல்லை.

அதுக்காக ரேடியோவைத் தூக்கி வெளியே வைக்கவும் நான் ஒத்துக்க மாட்டேன். வீட்டில் ரிமோட் நம்ம கையிலா இருக்கு? நமக்குப் பிடிச்ச பாட்டைக் கேட்கிற இடம் இது ஒன்றுதான்.

என் யோசனை இது. காலையில் 11 மணி வரை கட்டிங், கணக்கு, பாட்டு வேண்டாம். அதுக்குப் பிறகு பாட்டு. பணம் எண்ணும்போது நிறுத்த வேண்டுமென்றால் கணக்கு எழுதுகிறவர் சொன்னதே முடிவு. காதில் இயர்போன் மட்டும் வேண்டாம். ஊசி முட்டுற சத்தம், பக்கத்து மெஷின்காரி கூப்பிடுறது நமக்குக் கேட்கணும்.

இதை அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதக் கேட்டுக்கொள்கிறேன். யார் பாட்டைப் போடுவது என்ற பஞ்சாயத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க.