மாணவர்களும் கடற்பிரயாணமும்



உயர்தரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அந்நிய தேசங்களுக்குக் கல்விச் சுற்றுப் பிரயாணம் அழைத்துப் போவதால் என்ன லாபம் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம். தமிழ்நாட்டு அரசாங்கம் 2022-இல் போட்டிகளில் வென்ற அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகளைச் சார்ஜா புத்தகக் காட்சிக்கு அனுப்பிற்று. பின்னர் வேறு தேசங்களுக்கும் அனுப்பிற்று. கூலிக்காரன் பிள்ளைக்கு ஆகாய விமானம் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

கடல் கடக்காதே என்ற தடை நமக்குப் புதிதல்ல. போதாயன தரும சூத்திரம் ஜாதியைக் கெடுக்கும் குற்றங்களைக் கணக்கெடுக்கும்போது சமுத்திரப் பிரயாணத்தைத்தான் முதலில் வைக்கிறது. அதற்கு மூன்று வருஷப் பிராயச்சித்தமும் விதிக்கிறது. ஏதோ பழைய ஏட்டுச் சங்கதி என்று எண்ணிவிடாதீர்கள். 1888-இல் தோழர் காந்தியார் 18 வயதில் லண்டனுக்குப் படிக்கப் புறப்பட்டபோது, பம்பாயில் அவரது ஜாதியார் பஞ்சாயத்துக் கூடி அவரை ஜாதிப்பிரஷ்டம் செய்தார்கள். வழியனுப்பத் துறைமுகம் போகிறவனுக்கு ஒன்றே கால் ரூபாய் அபராதமும் போட்டார்கள். கடலில் அப்படி என்ன விஷம் இருக்கிறது? ஒன்றுமில்லை. பிறவியில் மேல், கீழ் என்ற பேச்சே இல்லாத ஊரிலும் மழை பெய்கிறது, பயிர் விளைகிறது, ராஜ்யம் நடக்கிறது என்பதை அக்கரைக்குப் போனவன் கண்ணால் கண்டுவிடுவான். கண்டவன் திரும்பி வந்து கேள்வி கேட்பான். அந்தப் பயந்தான்!

ஜப்பானைப் பாருங்கள். 1871-இல் அந்த அரசாங்கம் மேல்நாடுகளுக்கு அனுப்பிய தூது கோஷ்டியோடு ஐந்து பெண் பிள்ளைகளையும் அமெரிக்காவில் படிக்க அனுப்பிற்று. அவர்களில் இளையவரான ட்சுடா உமெகோவுக்கு அப்போது வயது 6. 1882-இல் திரும்பிய அந்த அம்மையார் 1900-இல் டோக்கியோவில் பெண்களுக்கென்று ஒரு கல்விச்சாலை தொடங்கினார். அது இன்று ட்சுடா பல்கலைக்கழகமாக நிற்கிறது. நம்மிலோ பெண்ணைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு அனுப்பவே யோசிக்கிற வீடுகள் இன்னமும் உண்டு.

இன்று அதே ஜப்பானுக்குப் போகிற நம் பிள்ளை எதைப் பார்க்க வேண்டும்? கட்டடத்தையும் ரயிலையும் படத்தில்கூடப் பார்த்துக் கொள்ளலாம். பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பார்க்கட்டும். அங்கே வகுப்பறையைப் பெருக்குவதும் துடைப்பதும் மாணவர்களே. ஆரம்பப் பள்ளிகளில் மதியச் சாப்பாட்டைப் பரிமாறுவதும் அவர்களே. துடைப்பத்துக்கு ஒரு ஜாதி, கரண்டிக்கு ஒரு ஜாதி என்று பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஒரு நாள் காட்சி ஒரு வருஷத்துப் பாடத்தைவிடப் பெரிதல்லவா? புறப்படும் முன்பே ஒரு பாடமும் உண்டு. அவன் கையிலுள்ள பாஸ்போர்ட்டில் பெயருக்கு இடமுண்டு, பிறந்த ஊருக்கு இடமுண்டு, ஜாதிக்கு இடமில்லை.

நாம் ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறோம்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவன் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டான். அவன் தங்கையும் வெட்டப்பட்டாள். அந்தக் குற்றத்துக்காகப் பிடிபட்டவர்களும் பள்ளிப் பிள்ளைகள்! பின்னர் நியமிக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்கள், மாணவர் கையில் கட்டும் வர்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டுமென்று 2024-இல் எழுத வேண்டியதாயிற்று. பதினாறு வயதில் அந்தக் கயிறு அறுபடாவிட்டால் பிறகு எப்போது அறுபடும்?

ஆனால் கடலைத் தாண்டினால் மாத்திரம் புத்தி வந்துவிடாது. ஜாதியை மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் நகரசபை 2023-இல் ஜாதி வேற்றுமையைத் தடுக்கச் சட்டமே செய்ய நேர்ந்தது என்றால், படித்துப் போனவர்களின் யோக்கியதையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆதலால் நாம் கேட்பது இவ்வளவே. பணமுள்ளவன் பிள்ளை பணங்கட்டிப் போய்க் கடைத்தெருவைப் பார்த்து வருவது கல்விப் பிரயாணமாகாது. பொதுப்பணத்தில் ஏழைப் பிள்ளைகள் போகவேண்டும். போகிறவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். எல்லா வகுப்பாரும் ஒரே அறையில் தங்கி, ஒரே பந்தியில் உண்ண வேண்டும். திரும்பியதும் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பொது இடத்தில் நின்று, கண்டதைச் சொல்லவேண்டும். பெற்றோர்களே! உங்கள் பிள்ளைக்கு அந்தச் சந்தர்ப்பம் வந்தால் நாளும் நட்சத்திரமும் பார்க்காமல் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக் கொள்ளுகிறோம்.