வழி அறிந்தவரைத் துணைக்கொள்வோம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டபின், வாலிபர்களுக்குச் சில வார்த்தைகள் கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நம் இளைஞர்கள் பலர் கொல்லிமலையின் மிளகையும் காப்பிக்கொட்டையையும் தேனையும் கைப்பேசி வழியாக வெளியூர்களுக்கு விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். நம் பெண்மக்களும் வீட்டிலிருந்தே மசாலாப் பொடியும் ஊறுகாயும் விற்கிறார்கள். ஹலாலான உழைப்பு, வரவேற்க வேண்டிய முயற்சி. எனினும் இவ்விஷயத்தில் நான் செய்த தவறு ஒன்றை முதலில் உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டியவனாக இருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வாலிபர் ஒருவர் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், இணையத்தில் மிளகு வியாபாரம் தொடங்குகிறேன், துஆ செய்யுங்கள்" என்றார். நானும் மகிழ்ந்து துஆ செய்து, "தாமதிக்காமல் தொடங்குங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். யாரிடம் ஆலோசனை கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் தாயாரின் நகையை அடகு வைத்தார். இணையத்தில் விளம்பரம் செய்த ஒருவருக்குப் பயிற்சிக் கட்டணம் என்று அதில் பெரும் பகுதியைக் கொடுத்தார். மீதியில் மிளகு வாங்கினார். அது சரியாகக் காயாத மிளகு. பொட்டலத்திற்குள் பூஞ்சை பிடித்தது. வாங்கியவர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் அவருடைய கடையும் போயிற்று, முகமலர்ச்சியும் போயிற்று.

இதில் என் உள்ளத்தை இன்றும் வருத்துவது எது தெரியுமா? அவர் தொழுத அதே ஸஃப்பில், நான்கைந்து பேருக்கு அப்பால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் மலை மிளகு வாங்கி விற்ற பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நான்கு மணிகளைக் கடித்துப் பார்த்தே ஈரத்தைச் சொல்லிவிடக் கூடியவர். நாள்தோறும் ஒரே ஸஃப்பில் நின்ற இருவரில், ஒருவர் கேட்கவுமில்லை, மற்றவருக்குத் தெரியவுமில்லை. இருவரையும் அறிந்த நானோ அவர்களைச் சேர்த்து வைக்கவில்லை.

அன்பர்களே! ஹிஜ்ரத்தின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் மக்காவிலிருந்து புறப்பட்டபோது, அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவரைக் கூலிக்கு அமர்த்தி வழிகாட்டியாகக் கொண்டார்கள். அவர் அப்போது முஸ்லிம் அல்லர். ஆயினும் பாதை அறிந்தவர்; நம்பிக்கைக்கு உரியவர். ஒட்டகங்களை முன்னதாகவே அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் தவ்ர் குகைக்கு வருமாறு கூறினார்கள். அல்லாஹ்வின் மீது அத்துணை தவக்குல் கொண்டவர்களே வழி தெரிந்தவரைத் தேடினார்கள் என்றால், நாம் எம்மாத்திரம்?

நம் மலையிலேயே இதற்குச் சான்று உண்டு. மரவள்ளிக்கிழங்கு பரவியபின் சாமை, தினை முதலிய சிறுதானியங்கள் இங்கே குறைந்துகொண்டே வந்தன. அவற்றை உரலில் குத்திப் புடைக்கும் பாடு பெண்களை வாட்டியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே பணியாற்றி, அரவை இயந்திரங்களுக்கு வழி செய்து, மகளிர் குழுக்களுக்கு மாவும் ரவையும் தயாரிக்கவும் பொட்டலமிட்டுச் சந்தைப்படுத்தவும் பயிற்சி அளித்தது. தானியத்தை அறிந்தவர்கள் மலைமக்கள். இயந்திரத்தையும் சந்தையையும் அறிந்தவர்கள் வந்தவர்கள். இரு அறிவும் ஒன்று சேர்ந்தபோதுதான் பொருளுக்கு விலை கிடைத்தது. ஐ.நா. சபை 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, நம் மலைக்கு அது புதிய செய்தியாக இருக்கவில்லை.

அனுபவசாலி என்ன சொல்லித் தருவார் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் கூறுகிறேன். பச்சை மிளகு மூன்று கிலோ காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் தேறும் என்பார். நல்ல தேனும் குளிரில் உறையும். அதைக் கலப்படம் என்று எண்ணுவோருக்கு முன்கூட்டியே எழுதிவையுங்கள் என்பார். கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து வரும் எண் அதிகமானால் அதற்கே கட்டணம் வாங்கும் என்பார்.

திரும்பி வரும் பொட்டலத்தின் கணக்கையும் அவரே அறிவார். ஒரு பேச்சுக்கு, பொட்டலம் 500 ரூபாய்க்கு விற்கிறது. சரக்கு 360, பெட்டி 20, கூரியர் 70 போக 50 ரூபாய் லாபம். பொட்டலம் திரும்பி வந்தாலோ, போக 70, வர 70, பெட்டி 20 ஆக 160 ரூபாய் நஷ்டம். பத்தில் இரண்டு திரும்பினால் மிஞ்சுவது 80 ரூபாய். மூன்று திரும்பினால் 130 ரூபாய் கைநஷ்டம். பொருள் கைக்கு வந்தபின் பணம் என்று விற்கத் தொடங்கும் வாலிபர், இக்கணக்கை முதல் நாளே போட்டுப் பார்க்க வேண்டாமா?

சட்டமும் அவ்வாறே. உணவுப் பொருள் விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ பெற்று, அந்த 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். இணையச் சந்தைத் தளங்கள் வழியாகப் பொருள் விற்போருக்கு, விற்பனை சிறிதாயினும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாக இருந்தது. மாநிலத்திற்குள் மட்டும் விற்கும் சிறு வணிகருக்கு அது 2023 அக்டோபர் 1 முதல் தளர்த்தப்பட்டது. அவர்களும் பதிவெண் ஒன்று பெற வேண்டும். பெங்களூருக்கு ஒரு பொட்டலம் அனுப்ப நினைத்தாலே விதி மாறிவிடும். நாமக்கல் மாவட்டத் தொழில் மையத்திலும், ஒரு நல்ல கணக்காளரிடமும் முன்னதாகவே கேட்டுத் தெளிவது நலம்.

ஆனால் வழிகாட்டி என்று சொல்லிக்கொள்வோர் அனைவரும் வழிகாட்டிகள் அல்லர். மூன்று அடையாளங்களைப் பாருங்கள். தாமே அப்பாதையில் நடந்தவரா? தாம் பட்ட நஷ்டத்தையும் மறைக்காமல் சொல்கிறாரா? நீங்கள் அவசரப்பட்டால் அவருக்கு ஆதாயம் உண்டா? "இன்றே பணம் கட்டுங்கள், மாதம் இலட்சம் வரும்" என்பவர் வழிகாட்டி அல்லர். நீங்களே அவருடைய வாடிக்கையாளர். பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணை அழுத்துங்கள் என்று எவர் கூறினாலும் நம்பாதீர்கள். பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

காரவள்ளியிலிருந்து மேலே வரும் 70 கொண்டை ஊசி வளைவுகளை நாம் அறிவோம். எந்த வளைவில் எதிர்வண்டி தெரியாது என்பதை எந்தப் பலகையும் முழுமையாகச் சொல்லாது. அந்தச் சாலையில் பல்லாண்டு ஓட்டியவர் அருகில் அமர்ந்து சொல்ல வேண்டும். ஓட்டுவது இளைஞரின் கை; எச்சரிப்பது மூத்தவரின் கண்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் அனுபவம் அல்லாஹ் உங்களிடம் ஒப்படைத்த அமானத். கேட்டு வந்தால் சொல்வோம் என்று காத்திராதீர்கள். இளைஞர்கள் கேட்கத் தயங்குவார்கள். "உனக்கென்ன தெரியும்" என்ற ஒரு சொல் போதும், அவர்கள் மறுமுறை வரமாட்டார்கள்.

நான் சொன்ன வாலிபரின் நிலையையும் கூறிவிடுகிறேன். பின்னர் அந்தப் பெரியவரிடம் அவரை நானே அழைத்துச் சென்றேன். மிளகைக் காயவைத்துத் தரம் பிரிக்கப் பெரியவர் கற்றுக்கொடுத்தார். கைப்பேசியில் படம் எடுத்து விற்பதை வாலிபர் அவருக்குக் காட்டினார். இன்று சிறு அளவில் வியாபாரம் நடக்கிறது, நகையும் மீட்கப்பட்டுவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். முதல் நாளே இதைச் செய்திருந்தால் அந்தத் தாயின் கண்ணீர் மிஞ்சியிருக்கும்.

ஆகவே நிர்வாகக் குழுவினருக்கு என் யோசனை இது: ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு பதிவேடு வையுங்கள். தொழில் அனுபவம் உள்ளோர், எதில் அனுபவம் என்பதைக் குறித்துத் தம் பெயரை எழுதட்டும். மாதம் ஒருநாள் இஷா தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் மஷூராவுக்கு ஒதுக்குவோம். கடன் வாங்குமுன், நகை அடகுக்குப் போகுமுன், வாலிபர்கள் அங்கே வந்து அமரட்டும். பெண்மக்களின் கேள்விகளை அவர்கள் வீட்டார் கொண்டு வரட்டும். முதல் பெயராக அந்த மிளகுப் பெரியவர் தம் பெயரை எழுதச் சம்மதித்திருக்கிறார்கள்.

நம் அனைவரின் உழைப்பிலும் எல்லாம் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.